தொட்டிக்கடியில் ஓர் அங்குலம்

டெய்லரம்மா தரையில் குப்புறப் படுத்து, மீன்தொட்டி ஸ்டாண்டின் கீழறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். புதிதாக வந்த கண்ணாடி சம்பு, மீன்தொட்டித் தண்ணீரின் அழுக்கைப் பிடிக்கும் கீழ்த்தொட்டி, உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. நேராகத் தள்ளினாள், சாய்த்துத் தள்ளினாள். வலது பக்கத்தை நுழைத்தால் இடது பக்கம் ஸ்டாண்டின் காலில் முட்டியது.

"கண்ணாடிக்காரர்கிட்ட எத்தனை இன்ச் சொன்ன?" கட்டிலிலிருந்து கணவர் கேட்டார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நாலு வார்த்தைக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்.

"முப்பத்தேழு."

"ஸ்டாண்டு அளவு?"

"முப்பத்தாறு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஓர் அங்குலம் குறைத்துச் சொல்லச் சொல்லியிருந்தார் அவர். முப்பது வருடமாக ரவிக்கை தைத்த கை, முப்பத்தாறு என்று அளந்ததும் வழக்கம்போல லூசுக்கு ஓர் அங்குலம் கூட்டி எழுதிவிட்டது. உடம்பு வேறு, மரம் வேறு என்று அந்தக் கைக்கு யார் சொல்வது?

அவர் சிரித்தார். "சம்புக்கு ஜாக்கெட் தைச்சிருக்கா என் பொண்டாட்டி." ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. அது இருமலாகி, இருமல் நிற்காமல், அவள் ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அவளும் சிரித்துக்கொண்டுதான் தடவினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஊர் வீடுகளுக்கெல்லாம் குழாய் போட்டவர் அவர். சொந்த வீட்டில் வைத்துக்கொண்டது மூன்றரையடி மீன்தொட்டி ஒன்றுதான். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த அன்று சாயங்காலம், அவர் மாத்திரை அட்டையைப் பிரித்து அதன் பின்பக்கம் சம்பின் படம் போட ஆரம்பித்தார்.

"வாரா வாரம் தண்ணி மாத்தற பொறுமை உனக்குக் கிடையாது. கீழ ஒரு சம்பு வச்சுட்டா அழுக்கெல்லாம் அதுல தங்கிரும். மாசத்துக்கு ஒருதடவை பாத்தாப் போதும்."

அவருடைய கணக்கில் அவர் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

சம்பு பெரிதாக இருந்தால் நல்லது. ஆனால் ஸ்டாண்டுக்குள் போகவேண்டும், மேலே கை நுழைய இடமும் வேண்டும். சிறிதாக இருந்தால் வேறு வில்லங்கம். "கரண்டு போனா மேல இருக்கற தண்ணி கொஞ்சம் கீழ இறங்கும். அதைத் தாங்க இடம் விடணும். இல்லன்னா கூடமெல்லாம் குளந்தான்." உயரம் பதினாலு, தண்ணீர் ஒன்பது வரைக்கும்தான் என்று அட்டையில் ஒரு கோடு போட்டார்; கரண்டு போனால் ஏறும் மட்டத்துக்கு அதன் மேலே இரண்டாவது கோடு. நீளத்தை மட்டும் அவளை அளக்கச் சொன்னார். அந்த ஒன்றைத்தான் அவள் கோட்டை விட்டாள்.

"இப்பவே எடுத்துட்டுப் போறேன். வெட்டி ஒட்டிக் குடுத்துருவாரு," என்றாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். உக்காரேன் கொஞ்ச நேரம்."

பசை காயவே ஒரு நாள் ஆகும். இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று உட்கார்ந்தால் அவர் சம்பில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்காமலே போய்விடுவார் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"தண்ணி ஓடறதை நீங்க பாக்க வேணாமா? ஒரு மணி நேரம். ஓடிப்போயிட்டு ஓடியாந்துருவேன்."

அவர் அவளையே பார்த்தார். "சரி, போயிட்டு வா."

துணைக்கு நாத்தனாரைக் கூப்பிட்டாள். "நேரங்கெட்ட நேரத்துல மீனுக்கு வீடு கட்டறீங்களே அண்ணி," என்றபடிதான் அவள் வந்து உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரர் பசையைக் கத்தியால் கீறிப் பலகைகளைப் பிரித்தார். "ரெண்டு தடவை கேட்டேன்மா, அளவு சரிதானான்னு. என்னையே முறைச்சீங்க." வெட்டிய ஒவ்வொரு பலகையையும் தன் டேப்பால் இரண்டு முறை அளந்தாள். முப்பத்தைந்து. முப்பத்தைந்து. ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. போன் வீட்டில், தையல் மிஷின் டிராயருக்குள் கிடந்தது.

வீட்டில் எப்போதும் இரண்டு குமிழிச் சத்தம் கேட்கும்: தொட்டியில் ஒன்று, ஆக்ஸிஜன் மிஷினின் தண்ணீர்ப் புட்டியில் ஒன்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்றுதான் கேட்டது.

நாத்தனார் எழுந்து வந்தாள். "அண்ணன் போயிட்டாரு அண்ணி. பத்து நிமிஷந்தான் ஆச்சு. போன் அடிச்சேன், இங்கயே அடிக்குது."

டெய்லரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையில் அவர் உட்காரச் சொன்ன இடம் அதுதான்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"சம்பு ஓடுதான்னு கேட்டாரு. ஓடுதுன்னு சொல்லிட்டேன்." நாத்தனாரின் குரல் உடைந்தது. "தப்பா அண்ணி?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

மத்தியானம் சவப்பெட்டி செய்கிறவர் வந்தார். நோட்டைப் பிரித்துக்கொண்டு தயங்கினார். டெய்லரம்மா கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த டேப்பை எடுத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை தானே பிடித்தாள். தோளுக்குத் தோள் பிடித்தாள். அவருடைய சட்டைகளை அவள்தான் தைப்பாள். தோள் அளவு இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது.

"அறுபத்தேழு. பதினஞ்சு."

"இது உடம்பளவா, லூஸ் சேத்ததாம்மா?"

"உடம்பளவு," என்றாள். பிறகு, "லூஸ் நீங்களே விட்டுக்குங்க."

மறுநாள் அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது, கண்ணாடிக்காரர் சம்போடு வாசலில் காத்திருந்தார். இன்னொரு நாள் வரச் சொல்லத் தெம்பில்லாமல் அவள் கதவைத் திறந்துவிட்டாள். சம்பு ஸ்டாண்டுக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் குழாய்களைப் பொருத்தி, ஒன்பது அங்குலம்வரை தண்ணீர் நிரப்பி, மோட்டாரைப் போட்டார்.

"ஓடுது அண்ணி," என்றாள் நாத்தனார், மெதுவாக.

டெய்லரம்மா கட்டில் பக்கம் திரும்பினாள். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"கரண்டு போனா என்ன ஆகுதுன்னு ஒருதடவை பாத்துருவோம்மா," என்று கண்ணாடிக்காரர் சுவிட்சை அணைத்தார். அவள் சமையலறையிலிருந்து தரை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து, ஸ்டாண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மேல்தொட்டியின் தண்ணீர் குழாய் வழியே இறங்கியது. சம்பில் மட்டம் ஏறியது, இன்னும் ஏறியது. விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே, அட்டையில் அவர் இரண்டாவது கோடு போட்டிருந்த இடத்தில், நின்றது.

கண்ணாடிக்காரர் மோட்டாரை மறுபடி போட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினார். நாத்தனார் விளக்கைப் போட்டாள். டெய்லரம்மா அங்கேயே குந்தியிருந்தாள், கையில் நனையாத துணியோடு.