கொட்வினின் ஒற்றை வசனம்

லொக்லனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தார். கொட்வினுக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி அதனால்தான்.

லொக்லன் ஸ்கொட்லாந்துக்காரர். எழுபத்தாறு வயது. கிளாஸ்கோ மேடைகளில் தனியாளாக நின்று பேசிப் பேசியே சனத்தைச் சிரிக்க வைத்தவர். ஒரு படத்தில் நடிக்க இத்தாலிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டார். நாற்பத்தொரு படம், ஒன்றிலும் கதாநாயகன் இல்லை. ஸ்கொட்லாந்துக் கட்டம்போட்ட பாவாடை கட்டிய குடிகாரன், கஞ்சப் பிரபு, திரும்பவும் பாவாடை கட்டிய குடிகாரன். இத்தனைக்கும் மனிதர் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார். பலெர்மோ நகரில் பொலிதேயாமா அரங்கின் பக்கம் மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய வீட்டைக் கிழமைக்கு இரண்டு நாள் கூட்டித் துடைப்பவன் கொட்வின்.

கொட்வினும் நடிகன்தான். பலெர்மோத் தமிழரின் நத்தார் விழாவில் பகிடி நாடகம் என்றால் அவன்தான். இத்தாலியர் ஒருவருக்கும் அது தெரியாது, அவ்வளவே. ஒருநாள் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தவன், லொக்லன் படியேறுவதை அப்படியே நடித்துக் காட்டினான். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதமே அவனைத் தன் புதுப்பட டைரக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

சந்தையில் மீன்பெட்டி தூக்குகிற வேடம். வசனத் தாளில் பெயர்கூட இல்லை, 'சிங்கலேசே', சிங்களவன், என்று மட்டும் இருந்தது. இலங்கையிலிருந்து வந்த எல்லோருக்கும் இந்த ஊரில் அதுதான் பெயர். தமிழன் என்று சொல்லிச் சொல்லிக் கொட்வினுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். லொக்லனின் குடிகாரன் வந்து பெட்டியில் மோதி விழ, கொட்வின் தன் கூட்டாளியைக் கூப்பிட வேண்டும். ஒற்றை வசனம்: 'நிமால், இங்கே வா.' அதையும் சிங்களத்தில்.

"எனக்கு ஏலாது," என்றான் கொட்வின். "முள்ளிவாய்க்காலிலை என்ரை தம்பியைச் சிங்களத்திலை பேர் வாசிச்சுத்தான் ஆமி பஸ்ஸிலை ஏத்தினது. அதுக்குப் பிறகு ஆள் இல்லை. அந்தப் பாஷையிலை நான் பகிடி விடமாட்டன்."

டைரக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். லொக்லன் கொட்வினைத் தள்ளிக்கொண்டு போய், "உன் மொழியிலேயே சொல். உனக்குப் பிடித்த பெயரைச் சொல். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்," என்றார். உண்மையிலேயே ஒருவரும் கேட்கவில்லை. தான் வென்றுவிட்டதாகக் கொட்வின் நினைத்தான்.

"நிதர்சன், இஞ்சை வா."

ஆறு தடவை எடுத்தார்கள். பதினாறு வருடமாகக் கூப்பிடாத தம்பியை ஆறு தடவை கூப்பிட்டான்.

அன்றே தங்கை பிரசாந்தினிக்குப் போன் எடுத்தான். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களோடு கிளிநொச்சியில் கொட்டில் போட்டுக் குந்தியிருக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி.

"இஞ்சை வாற ஆக்கள் சின்னண்ணாவின்ரை பேரைக் கேக்கிறேல்லை அண்ணா," என்றாள். "ஃபைல் நம்பரைத்தான் கேக்கினம்."

"இனிப் பேர் கேக்கும். ஊர் உலகமே கேக்கும். படம் வந்த உடனை அனுப்புறன்."

போன சனிக்கிழமை படம் வந்தது. முதற்காட்சிக்கு மனைவி தனுசியாவைக் கூட்டிக்கொண்டு போனான். மீன்பெட்டி வந்தது. திரை முழுக்கக் கொட்வினின் முகம். வாய் திறந்தது. உள்ளேயிருந்து வந்தது எவனோ ஒருவனுடைய குரல். மூக்கால் இழுத்து, கொச்சை இத்தாலியனில், "நிமால், ஓடிவா, மீன் போச்சு," என்றது. அரங்கு சிரித்தது. தனுசியா அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டான்.

படம் முடிந்ததும் நடிகர்களை மேடையோரம் வரச் சொன்னார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் லொக்லன் நின்றார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றான் கொட்வின்.

"இங்கே வழக்கமே அதுதான். நடிப்பவன் ஒருவன், பேசுகிறவன் ஒருவன். நாற்பத்தொரு படத்திலும் என் குரல் கிடையாது. எனக்குக் குரல் கொடுத்தே ரோமில் ஒருத்தன் வீடு கட்டிவிட்டான்." பல இடங்களில் சொல்லிச் சிரிப்பு வாங்கிய பகிடி என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"அது உங்கடை குரல். நீங்கள் ஓமெண்டு விட்டுக்குடுத்தனீங்கள். என்ரை தம்பியின்ரை பேரைச் சொல்ல ஏன் விட்டனீங்கள்?"

லொக்லனின் சிரிப்பு அறுந்தது. "உண்மையைச் சொன்னால் நீ போய்விடுவாய் என்று பயந்தேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல கூட்டாளி நீ ஒருத்தன்தான்."

வேறொரு நாள் என்றால் அந்தச் சொல்லில் கொட்வின் குளிர்ந்திருப்பான். அன்றைக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. தனக்கு ஆள் வேண்டும் என்பதற்காக இந்த மனிதன் நிதர்சனை விற்றுவிட்டான்.

மேடைக்கு அழைத்தார்கள். லொக்லன் பழக்கதோஷத்தில் தள்ளாடித் தள்ளாடி ஏற, சனம் ஆர்ப்பரித்தது. "இதோ நம்முடைய சிங்கலேசே," என்று டைரக்டர் மைக்கைக் கொட்வினிடம் நீட்டினார்.

"நிதர்சன், இஞ்சை வா," என்றான் கொட்வின்.

அரங்கு கொல்லென்று சிரித்தது. அவன் திரும்பவும் கூப்பிட்டான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், சிலர் கையும் தட்டினார்கள். லொக்லன் நிமிர்ந்து நின்று, சிரிக்க வேண்டாம் என்று தன் சொந்தக் குரலில் கெஞ்சினார். அந்த ஸ்கொட்லாந்து உச்சரிப்பைக் கேட்டு அதற்கும் சிரித்தார்கள். கொட்வினுக்கு அந்த முகங்களில் ஒவ்வொன்றாக அறைய வேண்டும் போலிருந்தது. பத்தாவது வரிசையில் தனுசியா எழுந்து நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை வாங்க டைரக்டர் கையை நீட்டினார். கொட்வின் கொடுக்கவில்லை.

மூன்றாம் முறை, தம்பியை ஏற்றிய பஸ் புறப்பட்ட அன்று கத்தியது போலக் கத்தினான். சிரிப்பு அங்கங்கே அறுந்தது. முன்வரிசையில் ஒரு பெண், யாரோ உண்மையிலேயே வரப்போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பி வாசலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பிறகு அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஒருவரும் வரவில்லை.