தண்ணீர் நடுவே எழுதிய மருந்துச் சீட்டு

அந்தப் படகுக்கு ஏற்பாடு செய்தவன் நாகேஸ்வரன்தான். அதனால் பிறகு யாரைக் குறை சொல்ல நினைத்தாலும், அந்த நினைப்பு முதலில் அவனிடமே வந்து நின்றது.

அவன் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வீடு ஸ்ரீவராகத்தில். காலையில் தோல் பையோடு கிளம்பி, கரமனையிலிருந்து பாறசாலை வரை உள்ள கிளினிக்குகளில் நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருப்பான். டாக்டர் கூப்பிட்டதும் உள்ளே போய் இரண்டு நிமிடம் பேசி, சாம்பிள் பாட்டில்களை மேஜையில் வைத்துவிட்டு வருவான். ஏழு வருஷமாக இதுதான் வேலை. 1999 பிப்ரவரியில் கம்பெனி புதிதாக ஒரு டானிக்கை இறக்கியது. அதை எழுத வைப்பதற்காக ஆறு டாக்டர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவாறுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஏரியா மானேஜர் பிரதீஷ் சொன்னார். நெய்யாறு கடலில் சேரும் இடத்தைச் சுற்றி நாலைந்து சின்னத் தீவுகள் உண்டு. துருத்து என்பார்கள். ஒரு ரிசார்ட்காரர் பழைய வள்ளம் ஒன்றுக்குப் பாய் கட்டி, நாள் வாடகைக்கு விட்டிருந்தார். துருத்துகளைச் சுற்றுவது, ஆறும் கடலும் கலக்கும் பொழிமுகத்தில் குளிப்பது, ஒரு துருத்தில் இறங்கி மத்தியானச் சாப்பாடு.

"தாணுலிங்கம் டாக்டர் சந்தோஷமாயிட்டுத் திரும்பிப் போகணும். அவரு எழுதினா மத்தவங்களும் எழுதும். மனசிலாயோ?" என்றார் பிரதீஷ்.

டாக்டர் தாணுலிங்கத்துக்குக் கரமனையில் கிளினிக். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது நோயாளிகள் பார்ப்பார். எப்படிப் பார்ப்பார் என்பது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாகேஸ்வரனுக்குத் தெரியும்.

பத்து மணிக்குப் படகு கிளம்பியது. படகோட்டி சத்தியதாஸ் பின்னால் சுக்கான் பக்கம் நின்றார். அவருடைய மனைவி ராகேல் சமையலுக்காக வந்திருந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பெரிய பாத்திரங்கள், உயிரோடு நண்டுகள் கிடந்த ஒரு வாளி, இவற்றுக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். வலது காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

காற்று நன்றாக இருந்தது. பாய் உப்பிப் படகு சத்தமில்லாமல் நகர்ந்தபோது நாகேஸ்வரனுக்குக்கூட ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு பீர் பாட்டில்களைத் திறந்தார்கள். முதல் துருத்தைத் தாண்டுவதற்குள் காலிப் பாட்டில் ஒன்று கரையோரக் கண்டல் மர வேர்களுக்கு நடுவே போய் விழுந்தது. தாணுலிங்கம் வெற்றிலை போட்டு, காற்று வீசும் திசையைப் பார்க்காமல் துப்பினார். சிவப்புத் துளிகள் நாகேஸ்வரனின் சட்டைக் கையில் தெறித்தன. அவர் பார்த்துவிட்டு அடுத்த வெற்றிலையை மடித்தார்.

பொழிமுகத்தில் எல்லோரும் குளிக்க இறங்கினார்கள். இறங்காதவள் டாக்டர் ஷிஜி மட்டும்தான். குழந்தைகள் டாக்டர், படிப்பை முடித்துப் பிராக்டீஸ் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஒரு பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு படகிலேயே இருந்தாள்.

தாணுலிங்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, தண்ணீருக்குள்ளேயே ஒன்றுக்குப் போவதைச் சத்தமாக அறிவித்தார். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த இரண்டு டாக்டர்கள் சிரித்துக்கொண்டே விலகிப்போனார்கள். பிறகு கரையேறி மணலில் குப்புறப் படுத்தார்.

"லேய் சாமி, முதுகுல கொஞ்சம் எண்ணெய் தேச்சு விடுடே."

நாகேஸ்வரன் பிரதீஷைப் பார்த்தான். பிரதீஷ் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் தேய்த்தான். மணலும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து உள்ளங்கையில் சேறு மாதிரி திரண்டது. டாக்டருக்கு ஏப்பம் வந்தது. மீன் வாடை பழக்கமில்லை, அதனால்தான் குமட்டுகிறது என்று நாகேஸ்வரன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கையைக் கடல் தண்ணீரில் மூன்று தடவை கழுவினான்.

மத்தியானம் ஒரு துருத்தில் தென்னைக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நண்டு, கரிமீன் பொரித்தது, மரச்சீனிக்கிழங்கு, சிவப்பரிசிச் சோறு. நாகேஸ்வரன் தன் மனைவி கௌசல்யா கொடுத்துவிட்ட தயிர்சாதத்தைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவிட்டான். ராகேல் நொண்டி நொண்டி வந்து பரிமாறினாள். அவள் குனிந்தபோது டாக்டர் ஒருவர் முகத்தைச் சுளித்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"காலுல என்ன?" என்று கேட்டார் தாணுலிங்கம். அக்கறையாகக் கேட்கவில்லை. சாப்பிடும் இடத்தில் இந்த வாடை என்ன என்பதுதான் கேள்வி.

ராகேலின் முகம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து இதை எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"கக்காச் சிப்பி ஓடு கீறினது சாறே. ரெண்டு மாசமாச்சு, ஒணங்கவே மாட்டேங்கு. வேதனை அவ்வளவா இல்ல. பின்னே இந்த வாடைதான். எப்பவும் ஒரு தளர்ச்சி, தாகம்."

"நாக்க நீட்டு."

அவள் நீட்டினாள். டாக்டர் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சியபடியே பார்த்தார்.

"ரத்தம் இல்ல. வேற ஒண்ணும் இல்ல." இடது கையால் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து, நாகேஸ்வரன் காலையில் அன்பளிப்பாகக் கொடுத்த பேனாவாலேயே எழுதினார். "வேளைக்கு ரெண்டு ஸ்பூன் வீதம் மூணு வேளை. ஒரு மாசம் குடி. பிரதீஷே, எண்ணிக்கோ. தண்ணிக்கு நடுவுல வச்சு எழுதின மொதச் சீட்டு உன் டானிக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரதீஷ்தான் அதிகம் சிரித்தார்.

"எடோ நாகேஸ்வரா, சாம்பிள் எடுத்துட்டு வா. கேமராவும் எடு. ஏழைகளுக்கு இலவசமாயிட்டு டாக்டர் மருந்து கொடுக்குதுன்னு கம்பெனி பத்திரிகையில போடலாம்."

நாகேஸ்வரன் மூன்று பாட்டில்கள் எடுத்து வந்தான். டாக்டர் கையைத் துடைக்காமலே பாட்டிலை நீட்ட, ராகேல் இரண்டு கைகளாலும் வாங்கினாள். அவன் படம் எடுத்தான். பாட்டிலின் லேபிளில் மசாலா எண்ணெய் விரல் அடையாளமாகப் பதிந்திருந்தது.

அந்த வாடை அவனுக்கு எங்கிருந்து தெரியும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. அவன் அப்பாவின் காலிலிருந்து வந்த வாடை அது. சர்க்கரை நோயால் புண்ணாகி, ஒரு வருஷம் அவன் கையாலேயே கழுவிக் கட்டிய கால். அங்கேயும் வலி இல்லாமல்தான் இருந்தது. வலி இல்லாததால் யாரும் பயப்படவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனான். ராகேல் ஒரு பாட்டிலைத் திறந்து, மூடியில் ஊற்றிக் குடிக்கப் போனாள்.

"அதைக் குடிக்காதீங்கோ" என்றான்.

"என்ன சாறே?"

"அதுல பாதிக்கு மேல சர்க்கரைப் பாகு. உங்களுக்கு ஷுகர் இருக்கும்னு எனக்குத் தோணறது. ராத்திரியில நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போறேளா?"

அவள் கூச்சத்தோடு தலையாட்டினாள். பிறகு முகம் மாறியது.

"சாறு மருந்துப் பை தூக்குகிற ஆளுதானே? அவரு பெரிய டாக்டர். அவரு பாத்துச் சொன்னதை நீங்க வேண்டாம்னு சொன்னா நான் யாரைக் கேக்க?"

அவள் சொன்னது சரி. ஏழு வருஷமாக அந்தப் பையை வைத்துக்கொண்டு எல்லா மருந்தையும் நல்ல மருந்து என்று சொல்லி வந்தவன் அவன். அவள் மூடியைக் காலி செய்து, "நல்ல மதுரமாயிட்டு இருக்கு" என்றாள்.

நாகேஸ்வரன் திரும்பி நடந்தான். தாணுலிங்கம் பல் குத்திக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"டாக்டர், அந்தம்மாவுக்கு டயபடீஸ் மாதிரி இருக்கு. கட்டை அவிழ்த்து ஒரு தடவை காலைப் பாத்துட்டேள்னா..."

தாணுலிங்கம் கோபப்படவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. அவர் ரசித்தார்.

"பாத்தியா பிரதீஷ், உன் ரெப்பு டாக்டராயிட்டான். நாளைக்கு என் கிளினிக்குல நீ இருடே, நான் பை தூக்குகேன்."

மறுபடியும் சிரிப்பு. நாகேஸ்வரன் அங்கே கிடந்த பாட்டிலை எடுத்து, லேபிளில் இருந்த சேர்மானத்தைச் சத்தமாக வாசித்தான். சர்க்கரையின் அளவை இரண்டு தடவை வாசித்தான். சத்தியதாஸ் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் ஷிஜி தண்ணீரைப் பார்த்தாள். மற்ற நாலு பேரில் ஒருவர் மீன் முள்ளை மணலில் துப்பிவிட்டு, "சாப்பிடும்போது என்னய்யா இது" என்றார்.

பிரதீஷ் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "உனக்குப் பைத்தியமா? எட்டு மாசமா நான் இவர் பின்னாலே நடக்குதேன். வாயை மூடிட்டு இரி."

திரும்பும்போது ஒரு டாக்டர் படகின் விளிம்பில் தலையைச் சாய்த்து வாந்தியெடுத்தார். ராகேல் எழுந்து போய் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவிய தண்ணீர் அவள் காலில் சுற்றிய துணியை நனைத்துக்கொண்டு ஓடியது. நாகேஸ்வரன் வாளியை அவளிடமிருந்து வாங்கி மிச்சத்தைக் கழுவினான். அவனுக்கு அப்போது குமட்டவில்லை. அந்த வாந்தி, அதைக் கண்டும் காணாமல் உட்கார்ந்திருந்த ஆறு படித்தவர்களைவிடச் சுத்தமானதாகத் தோன்றியது.

கரை நெருங்கும்போது டாக்டர் ஷிஜி, தண்ணீர் குடிப்பவள்போல் பின்பக்கம் வந்தாள். குனிந்து ராகேலின் கட்டை அவிழ்த்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன. சத்தியதாஸிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க. காலையில வெறும் வயித்துல ரத்தம் பாக்கணும். அந்த டானிக் வேண்டாம்." பிறகு நாகேஸ்வரனைப் பார்த்தாள். "நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லண்டா, ப்ளீஸ். தாணுலிங்கம் சார்தான் எனக்குக் கேஸ் அனுப்புறார்."

அவளுக்கு நன்றி சொல்வதா, காறித் துப்புவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் காலையில் அவனே நெய்யாற்றின்கரை பஸ் ஏறிப்போய் அரசு ஆசுபத்திரி வாசலில் காத்திருந்தான். சத்தியதாஸ் வருவார் என்று நிச்சயமில்லை. ஒன்பதரைக்கு ஆட்டோவில் வந்தார்கள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது. ஒரு மாதம் தாமதித்திருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவர் அந்தத் துணிக்கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் புண்ணைப் பார்த்தார். நாகேஸ்வரனுக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்போல் இருந்தது.

நாலாம் நாள் போனபோது சத்தியதாஸ் வராந்தாவில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரிசார்ட்டுல இருந்து ஆளு வந்தது சாறே. இனி அவ படகுல ஏறப்பிடாதாம். வந்த டாக்டர்மாருக்கு அருவருப்பாயிட்டு இருந்துதாம்."

"யாருக்கு?" என்று கேட்டான் நாகேஸ்வரன்.

"டாக்டர்மாருக்கு" என்று சத்தியதாஸ் திருப்பிச் சொன்னார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அந்த வாரமே பிரதீஷ் கூப்பிட்டார். தாணுலிங்கத்தை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை போகும் என்றார். நாகேஸ்வரன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் போனான். வழக்கம்போல் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனான்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது டாக்டர்" என்றான். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தான்.

"எது? ஓ, அதா. நான் அன்னைக்கே மறந்தாச்சுடே." டாக்டர் எழுந்து அவன் தோளில் தட்டினார். "நல்ல ட்ரிப்புடே அது. அந்த நண்டு, அடடா. அந்தப் பொம்பளையையே அடுத்த தடவையும் சமைக்கச் சொல்லு, என்ன?"

அவளுக்கு விரல்களை எடுத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தான். "சரி டாக்டர்" என்றுதான் வாயிலிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நாலைந்து வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். கௌசல்யா துண்டோடு வந்து நின்றாள்.

"என்னன்னா, அந்தி வேளையில இப்படிக் குளிக்கறேள்?"

"மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்டி."

அவள் துண்டை உதறினாள். "அந்தப் பொம்மனாட்டிக்கு எப்படி இருக்காம்?"

"ரெண்டு விரலை எடுத்துட்டா. இன்னும் ரெண்டு வாரம் இருக்கணும்."

"அப்போ நீங்க இன்னிக்கு மன்னிப்புக் கேக்கப் போயிருக்கவே வேண்டாம்" என்றாள் கௌசல்யா. துண்டை அவன் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டுக்கு முன்பே அவன் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தான். நடந்தது முழுவதையும் எழுத வேண்டும் என்று ஆரம்பித்து, டானிக்கின் பெயரையும் டாக்டரின் பெயரையும் எழுதினான். பிறகு வேறு கம்பெனியில் வேலை தேட வேண்டுமே, அவர்கள் இங்கே விசாரிப்பார்களே என்ற யோசனை வந்தது. அந்தத் தாளைக் கிழித்தான். இன்னொரு தாளில், சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று இரண்டே வரி எழுதினான். வாசித்துப் பார்த்தான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு தபால் பெட்டிக்கு நடந்தான்.