முனகாத மரம்

சுரங்கத்தில் கூரை இறங்காமல் மரத்தூண் நிறுத்துகிற முட்டுக்காரருக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவனும் அதே சுரங்கத்தில்தான் நிலக்கரி வெட்டினான். ஊரான் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்.

அதுவரை முட்டெல்லாம் பைன். பூக்கத் தெரியாத ஊசியிலை மரம். நகம் பட்டாலே தழும்பு விழும். பாரம் ஏறினால் மூட்டுவலிக்காரன் மாதிரி முனக ஆரம்பித்துவிடும். சத்தம் கேட்டதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடுவார்கள். பாதி நாள் ஓட்டத்திலேயே போய்விடும்.

"மாமா, உங்க மரம் உங்க பொண்ணவிட அதிகமா புலம்புது," என்பான் மாப்பிள்ளை.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் மாமனாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மேலாளரை நச்சரித்து, மாப்பிள்ளை வெட்டுகிற குடைவுக்கு மட்டும் வேலமரம் வரவழைத்தார். வெளியே மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும், உள்ளே இரும்பு. அதை அறுப்பதற்குள் ரம்பம் பல்லிளித்தது. பைனைவிட இரண்டு பங்கு தாங்கும் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

தாங்கவும் செய்தது. பக்கத்துக் குடைவில் பைன் முனகி ஆட்கள் ஓடும்போதெல்லாம் மாப்பிள்ளை அசையாமல் வெட்டிக்கொண்டிருப்பான். "மாமா மரம் இருக்கு, நமக்கென்ன!"

அன்றைக்கும் பக்கத்தில் பைன் முனகியது. ஆட்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே கூரை இறங்கியது, கீழே ஒருவருமில்லை. அதே பாரம் இந்தப் பக்கமும் வந்தது. வேலமரம் மூச்சுவிடவில்லை. தாங்கும்வரை தாங்கிவிட்டுப் பட்டென்று முறிந்தது.

மாப்பிள்ளையைத் தோண்டி எடுத்தபோது முட்டுக்காரர் முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பைன் என்றால் நார்நாராய்க் கிழிந்திருக்கும். இது வெள்ளரிக்காயை ஒடித்த மாதிரி இருந்தது. எந்த மரமும் ஒருநாள் முறியத்தான் போகிறது. சொல்லிவிட்டு முறிகிறதா என்பதுதான் பேச்சு. தொழிலுக்கு வந்த முதல் வாரமே அவர் கற்ற பாடம் அது. பாழாய்ப்போன பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

மகள் சுரங்க வாசலிலேயே நின்றிருந்தாள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

"மத்தவங்க எல்லாம் சத்தம் கேட்டு ஓடி வந்துட்டாங்களாமே. இவருக்கு மட்டும் ஏம்ப்பா கேக்கல?"

கேட்டிருக்காது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை.

"கேட்டிருக்கும்மா. என் மரத்த நம்பித்தான் மாப்பிள்ளை ஓடல."