மறுத்தால் மூன்று மதிப்பெண்

பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். முறை வைத்துக்கொண்டல்லவா சொல்லியிருக்கிறார்கள்.

காலையிலிருந்து இந்த ஒரு நினைப்பு பல்லிடுக்கில் சிக்கிய நார்போல அவளை விடவில்லை. துறைத்தலைவரின் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அதில் அவள் படம் பிடித்து வைத்திருந்த பட்டியல் இருந்தது. மனப்பாடமே ஆகிவிட்ட பிறகும் எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்தக் கல்லூரியில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கான இணையவழி வகுப்பு, பாடம் சமூகவியல். ஐம்பத்திரண்டு பேர். தொடங்கிய புதிதில் வகுப்புக் குழுவில் அவள் கேள்வி போடுவாள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும். பொறுத்துப் பார்த்தவள் ஒரு விதி வைத்தாள். பதில் எழுதினால் ஒரு மதிப்பெண். இன்னொருவரை மறுத்து எழுதினால் மூன்று. சொந்த அனுபவத்தைச் சொன்னால் ஐந்து.

மறுவாரமே குழு பற்றிக்கொண்டது. ஒருவர் சொன்னதை ஒருவர் விடவில்லை. மற்றத் துறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன சொக்குப்பொடி போட்டீங்க?" என்று நூலகர்கூடக் கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டாள். வியாழக்கிழமை கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்குழு வருகிறது; அவர்களுக்கு இந்த வகுப்புக் குழுவைத்தான் காட்டப்போகிறார்கள். அது நல்லபடி முடிந்தால் அவள் வேலை நிரந்தரம். கோப்பு தயாராகிவிட்டது; கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நேற்று மத்தியானம் அந்தப் பட்டியல் வகுப்புக் குழுவில் வந்து விழுந்தது. போட்டவள் வகுப்புத் தலைவி. ஓயாமல் பேசுவதால் மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வானொலி.

'பதினோராவது வாரம். ஆரம்பிக்கிறது: மீசை. மறுக்கிறது: டாக்ஸி அண்ணன் (போன வாரம் ஓவர், இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையா). சமாதானம் பண்றது: நான். சொந்த அனுபவம்: ஜன்னல். எல்லாரும் ஒரே நேரத்துல போடாதீங்க, மேமுக்குச் சந்தேகம் வந்துடும்.'

இரண்டே நிமிடத்தில் அழித்துவிட்டாள். அந்த இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. ஆசிரியைக்குத் தெரியாமல் மாணவர்களுக்கென்று இன்னொரு குழு இருந்திருக்கிறது. அங்கே போட வேண்டியது கைதவறி இங்கே வந்துவிட்டது.

ஜன்னல் என்ற பெயரில்தான் அவள் கண் குத்திட்டு நின்றது. எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிற, முகம் இருட்டாகவே தெரிகிற பெண். மூன்று வாரத்துக்கு முன் அவள் எழுதியிருந்தாள்: வீட்டில் அம்மா தையல் வேலை செய்கிறாள்; வகுப்பு நடக்கும்போது சத்தம் வரக் கூடாதென்று மெஷினை நிறுத்திவிட்டு, அந்த ஒரு மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் படித்துவிட்டு ஆசிரியை அழுதிருந்தாள். கணவனுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினாள். 'உன் அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துக்கொள், நான் சொன்னேன் என்று சொல்' என்று பதில் எழுதினாள். அந்தப் பெண்ணும் 'சொல்றேன் மேம்' என்று போட்டிருந்தாள்.

நேற்றே வானொலியைப் போனில் கூப்பிட்டாள்.

"சாரி மேம். தப்பான குரூப்ல போட்டுட்டேன்."

"தப்பு அது மட்டும்தானா?"

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் கேட்டது. "எல்லாரும் வேலைக்குப் போறவங்க மேம். வாரா வாரம் அம்பத்திரண்டு பேரும் சண்டை போட முடியுமா சொல்லுங்க. யாருக்கும் மார்க் குறையக் கூடாதுன்னு முறை வெச்சுக்கிட்டோம். உடம்பு சரியில்லன்னா மாத்தி விட்டுக்குவோம்."

"அந்தத் தையல் மெஷின்?"

"அது எங்க அத்தையோடது. ஜன்னலுக்கு எழுத வரல, நான்தான் எழுதிக் குடுத்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "அவளுக்கு அம்மா இல்ல மேம். சின்ன வயசுலயே போயிட்டாங்க."

அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மேம், நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்தது" என்றாள். அதுதான் உண்மையாகவும் இருந்தது.

கணவன் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினான். "எங்க ஆபீஸ் மீட்டிங்ல கேள்வி கேக்குறதுக்கே ஆள் செட் பண்ணி வெக்கிறோம். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க. மொதல்ல நிரந்தரம் ஆகு, நியாயமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அவன் சொன்னது அவளுக்குள்ளும் ஒரு மூலையில் முன்பே இருந்ததுதான். அதனால்தான் அவ்வளவு எரிச்சல் வந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். துறைத்தலைவர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நம்ம டைம்டேபிள்கூட இவ்வளவு சுத்தமா இல்லம்மா. இந்தப் பொண்ண ஆபீஸ்ல போட்டா துறையே உருப்பட்டுடும்."

"ஆய்வுக்குழுகிட்ட வேற எதையாவது காட்டலாம் சார்."

"வேற என்ன இருக்கு நம்மகிட்ட, ஒழுகுற கூரையா?" ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் திரையில போடுறோம். அவங்க கண்ணு முன்னாடியே வாதம் நடக்கணும். பசங்ககிட்ட விட்டா மறுபடி எங்கயாவது கொட்டிடுவாங்க. இந்தத் தடவை பட்டியல நீங்களே போட்டுக் குடுத்துடுங்க. தையல் மெஷின் பொண்ணு கடைசியா வரட்டும். அதான் மனச உருக்கும்."

அவள் தாளைப் பார்த்தாள். நேற்றிலிருந்து பிள்ளைகள் மேல் வளர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. மறுப்புக்கு விலை வைத்தவள் அவள்; அவர்கள் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஒருவரையும் விட்டுவிடாமல். அவளுக்குத்தான் உருக வேண்டியிருந்தது. வாரக்கடைசியில் யாராவது ஒருவர் தன்னை அழவைத்தால் தான் நல்ல ஆசிரியை என்று நம்பியிருக்கிறாள். தாயில்லாத பிள்ளையிடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவள். இப்போது அந்தப் பெண்ணை, எல்லாம் தெரிந்துகொண்டே, பதினொன்றே முக்காலுக்கு அழுதுவிடு என்று நிறுத்த வேண்டும்.

"எழுதுங்கம்மா. உங்க ஃபைல் இங்கதான் இருக்கு."

"எனக்குப் பட்டியல் போட வராது சார்."

"அட, பசங்களுக்கே வருது."

"அவங்க ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கிட்டாங்க. நான் போட மாட்டேன்."

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஒம்போது வருஷம் ஆச்சு. யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

யோசித்துத்தானா என்று அவளுக்கும் தெரியவில்லை. வீட்டில் என்ன சொல்வது, அடுத்த வருடம் ஒப்பந்தமாவது இருக்குமா என்ற கேள்விகள் வரிசையில் நின்றன.

"வியாழக்கிழமை கேள்விய மட்டும் போடுறேன் சார். இதுக்கு மார்க் கிடையாதுன்னும் சேத்தே போடுறேன்."

"ஒருத்தனும் பேசலன்னா?"

"பேசலன்னா, பேசல."

தாளை அவர் பக்கமே நகர்த்திவிட்டு, கைப்பேசிக்காகக் கையை நீட்டினாள்.