ஆளுக்குப் பதினாறு நிரை

நான்கு வருடம் கேபிள் சுருட்டியே காலம் தள்ளியவள் சுமலதா. விழாக்களுக்கு விளக்கு வாடகைக்கு விடும் லிங்கசாமியின் கம்பெனியில், விளக்குகளை ஆட்டிவைக்கும் கன்சோல் முன் உட்கார அவளுக்கு இன்றைக்குத்தான் வாய்ப்புக் கிடைத்திருந்தது. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா. ஃபேக்டரிக்கு எதிர்ச்சரிவில், செடிகளுக்கு நடுவே முப்பத்திரண்டு சுழல் விளக்குகள். ஆறரைக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். மணி ஐந்தேகால் ஆகியும் ஒரு விளக்காவது அவள் பேச்சைக் கேட்க வேண்டுமே!

முதல் விளக்கை மட்டும் எரியவிட்டாள். பதினாறு விளக்குகள் சேர்ந்து பேயாட்டம் போட்டன. ஒன்று வானத்தைப் பார்த்தது, ஒன்று புதருக்குள் மூக்கை நுழைத்தது, இன்னொன்று சிவப்பும் பச்சையுமாகக் கண்ணடித்தது. சரி, பத்தாவதை அழைப்போம் என்றால் சரிவில் ஒன்றுகூட அசையவில்லை.

லிங்கசாமி பின்னால் வந்து நின்றார்.

"ஏன் அம்மிணி, ஆகுமா ஆகாதா? ஆறு மணி வரைக்கும் பாக்கறேன். மேட்டுப்பாளையத்துல இருந்து ஆபரேட்டர் ரவிச்சந்திரனக் கெளம்பி வரச் சொல்லிட்டேன். அவன் வந்தா நீ பழையபடி கேபிளப் பாத்துக்க."

இந்த நாற்காலியை இன்று விட்டால் இன்னொரு முறை யார் தரப்போகிறார்கள்?

கன்சோலின் கட்டளை நெட்வொர்க் கேபிளில் ஓடி, நோட் என்கிற பெட்டிக்குப் போய், அங்கிருந்து விளக்கு விளக்காகத் தாவும். நோட் ஒழுங்காகத்தான் மின்னியது. கேபிளை மாற்றினாள். அதே கூத்து. வேறு வழியில்லாமல் சரிவில் ஏறி முதல் விளக்கின் சின்னத் திரையைப் பார்த்தாள். அட்ரஸ், அதாவது அந்த விளக்கின் கட்டளை தொடங்கும் நம்பர், ஒன்று. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று.

"அட கடவுளே!"

காலையில் விளக்குகளைத் தூக்கி வைத்தவர்கள் மருதாயி அக்காவும் அவள் கூட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண்களும்தான். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிவிட்டு, "எல்லாத்துக்கும் வரிசையா நம்பர் போட்டுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடியவள் இவளேதான். அவர்கள் தினமும் மலையில் செய்வதைச் செய்தார்கள். ஆளுக்கு ஒரு நிரை, அதாவது பறிக்க ஒரு வரிசைச் செடி. அதே கணக்கில் விளக்குக்கு ஒரு நம்பர். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த சுமலதாவுக்கு இது தெரியாதா? ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் பதினாறு சேனல், அதாவது தொடர்ந்து பதினாறு நம்பர், வேண்டும். திரும்ப ஒன்று, குனிய ஒன்று, நிறத்துக்கு, வெளிச்சத்துக்கு என்று. இப்போது எல்லாம் ஒன்றன் நிரைக்குள் ஒன்று புகுந்து அடித்துக்கொண்டிருந்தன.

லிங்கசாமி மூச்சிரைக்க வந்து திரையை எட்டிப் பார்த்தார். "தோட்டத்துப் பொம்பளைங்ககிட்ட குடுத்தா இப்படித்தான் ஆகும்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் தப்பித்திருக்கலாம். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவங்க மேல தப்பில்லண்ணே. நான்தான் பாதி சொல்லிட்டுப் போயிட்டேன். நானே சரி பண்றேன்."

கீழே பிரட்டுக்களத்தில், தினமும் காலையில் பேர் கொடுக்கிற அந்த முற்றத்தில், பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுமலதா ஓடிப்போய்ச் சொன்னாள். "அக்கா, ஒரு லைட்டுக்கு ஒரு நிரை பத்தாது. பதினாறு வேணும். மொதலாவது ஒண்ணுல ஆரம்பிச்சா, அடுத்தது பதினேழுல."

மருதாயி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப மூணாவது முப்பத்திமூணு. அடிப்பாவி, இத காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

மொத்தம் பதினாறு பெண்கள். ஆளுக்கு இரண்டு விளக்கு. மருதாயி மேட்டில் நின்று, நிரை பிரித்துக் கொடுக்கிற அதே குரலில் கத்தினாள். "ரோஸ்மேரி, ஒனக்கு அறுவத்தஞ்சு! வேலாமணி, எம்பத்தொண்ணு! ஏய் இந்துமதி, பல்லக் காட்டாத, நூத்திப் பதிமூணு!" பொத்தான்கள் டிக் டிக்கென்று இறங்கின. கடைசி விளக்கில் நானூற்றுத் தொண்ணூற்றேழு ஏறியபோது ஆறு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

சுமலதா கன்சோலுக்கு ஓடிவந்து முதல் விளக்கை அழைத்தாள். முதல் விளக்கு மட்டும் எழுந்தது. பத்தாவதை அழைத்தாள். சமர்த்தாகப் பத்தாவது எழுந்தது. இனி என்ன! முப்பத்திரண்டையும் ஒன்றாக ஏற்றினாள். சரிவு முழுக்கத் தங்க நிறத்தில் எழுந்து, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஃபேக்டரிப் பக்கம் தலை திருப்பியது. மேட்டில் பெண்கள் போட்ட கூச்சல் குன்னூருக்கே கேட்டிருக்கும்.

லிங்கசாமியின் போன் அடித்தது. ரவிச்சந்திரன்தான். பாதி மலை ஏறி, பர்லியார் தாண்டிவிட்டானாம்.

"வண்டியத் திருப்பிக்கப்பா," என்றார் லிங்கசாமி, சரிவிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க ஆபரேட்டரம்மா இருக்காங்க."

சுமலதாவுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. மேட்டில் நின்ற மருதாயியின் கூட்டத்தின் மேல் இரண்டு விளக்குகளைத் திருப்பி, இருப்பதிலேயே நல்ல வெளிச்சத்தை அவர்கள் மேல் கொட்டினாள்.