மதியம் நிற்கும் பெல்ட்

காலையில் ஒழுங்காக ஓடுகிற பெல்ட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் ஏன் நின்று நின்று போகிறது என்று உமாமகேஸ்வரிக்கு விளங்கவில்லை. மோட்டாரில் கோளாறில்லை, கரண்டும் போகவில்லை. வரிசையில் யாரோ ஒருத்தி சிவப்புப் பொத்தானை அமுக்குகிறாள். யாரென்று கேட்டால் அத்தனை பேரும் மிளகாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடலாடிக்குத் தெற்கே இருக்கும் அந்த வத்தல் கொட்டகைக்கு உமாதான் மேற்பார்வை. குண்டு மிளகாய் வத்தல் பெல்ட்டில் நகர்ந்து வரும். வெளுத்துப்போனதைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். போன வருடம் வரை பெண்கள் குவியலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். மதியமானால் எழுந்து, சேலையை உதறி, இடம் மாறி உட்காருவார்கள். நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று உமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெல்ட் வந்ததும் அதன் வடபக்கம் வரிசையாக ஸ்டூல் போட்டு, தரையோடு போல்ட் வைத்து முறுக்கச் சொன்னவள் அவள்தான்.

"இங்கன காத்து சரியில்ல மேடம்" என்று முதல் வாரமே சொன்னார்கள். சாக்கு என்று விட்டுவிட்டாள். பிறகு ஊக்கப்படுத்திப் பார்த்தாள். பொத்தானைத் தொடாதவர்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு என்றாள். அமுக்கியவளை மற்றவர்கள் இன்னும் கெட்டியாக மறைத்ததுதான் மிச்சம். பரமக்குடியிலிருந்து ஒருவரை வரவழைத்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசவைத்தாள்.

"குடும்பம்னா ரெண்டாவது தடவையும் டீ வருமா மேடம்?" என்று கேட்டாள் வரிசையில் இருந்த மாலதி.

முதலாளி நாகநாதன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "ஏத்தா, சனிக்கிழமைக்குள்ள பெல்ட்டு நிக்காம ஓடணும். இல்லைன்னா கலர் பாத்துப் பிரிக்கிற மெஷினை எறக்கிட்டு, அம்புட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

மறுநாள் வரிசையில் செவ்வந்தி என்பவள் வேலைக்கு வரவில்லை. கூடவே உட்கார்ந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று அவள் ஸ்டூலில் உமா உட்கார்ந்தாள்.

காலை நன்றாகத்தான் போனது. சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் தெற்கு வாசல் வழியாகக் கடல்காற்று நுழைந்தது. வத்தலிலிருந்து கிளம்பிய தூசி நேராக முகத்தில் அடித்தது. உமா தும்மினாள். முகத்தைத் திருப்பிய நேரத்தில் பிரிக்காத வத்தல் அவளைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடியும் தும்மல். கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

பெல்ட் நின்றது.

"யாரு அமுக்குனது?" என்றாள் மாலதி, உமாவின் குரலிலேயே.

"நமக்கென்னடி தெரியும்," என்றாள் பக்கத்தில் இருந்த ராமலெட்சுமி. "மேடத்துக்குத் தூக்குவாளி போச்சு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உமா நிமிர்ந்தாள். வாசலில் விழுந்த வெயிலில் தூசி சிவப்பாகத் தெரிந்தது. மொத்தமும் வடக்கே சாய்ந்து வந்தது. பெல்ட்டுக்குத் தென்பக்கம் துப்புரவாக இருந்தது.

"அப்ப, தரையில இருந்தப்ப எந்திரிச்சு எந்திரிச்சு மாறுனது..."

"காத்துக்கு முதுகைக் காட்டத்தான். பெறகென்ன, ஊர்வலமா போனோம்?" என்றாள் ராமலெட்சுமி.

உமாவுக்கு யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியவில்லை. "யக்கா, அந்த ஸ்பேனர் எங்கன கெடக்கு?" என்று எழுந்தாள்.

சனிக்கிழமை மதியம் நாகநாதன் வந்து வெகுநேரம் நின்று பார்த்தார். பெல்ட் நிற்கவில்லை. மெஷின்காரருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்றார்.

"என்னத்தா செஞ்ச?"

"போல்ட்டைக் கழட்டிட்டோம் முதலாளி. காலையில காத்து வடக்கேருந்து வருது, அதனால ஸ்டூலை வடபக்கம் போடுறோம். சாப்பிட்டு வந்ததும் கடக்காத்து, ஸ்டூலையும் கூடையையும் தூக்கித் தென்பக்கம் போட்டுக்கிறோம். அவ்வளவுதான்."