கறுப்புக் கிளிப்

செல்கள் செத்துவிட்டன. ஒன்றிரண்டு அல்ல, அனுப்பியவை அத்தனையும்.

செய்தி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று மதியம் விசாரணை. அதில் என்ன சொல்வது என்று பேட்டரிக்காரிக்கு இன்னும் தெரியாது. தெரியாவிட்டாலும் அவள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். தன் செல்கள் நல்லவை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மற்றவர்களுக்கு ஏன் அது தெரியவில்லை என்பதுதான் சங்கடம்.

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவளைப் பேட்டரிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் மரியாதையாக, பின்னால் பொறாமையாக. தபால்தலை அகலத்துக்கு வெள்ளி உறையில் அடைத்த பேட்டரி செல் அவளுடைய சரக்கு. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் கிடையாது. எல்லாம் திட அடுக்குகள். தீப்பிடிக்காது, ஒழுகாது. இந்த வகைப் பேட்டரி உலகத்தில் பலர் கையில் இருக்கிறது. ஆனால் அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் இருக்க, மற்றவர்கள் கனத்த எஃகுச் சட்டத்தில் வைத்து, லாரி ஜாக்கி போல நெருக்குகிறார்கள். அவளுடைய செல்லுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். அவளுடைய ஆய்வுக் கட்டுரையின் முதல் வரியே அதுதான்: "வெளி அழுத்தம் ஏதுமின்றி இயங்கும்." அந்த ஒரு வரிதான் அவளை ஊரறியச் செய்தது.

இப்போது அந்த வரிதான் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. அவள் அனுப்பிய செல்களை வேறொரு பல்கலைக்கழகத்தில் சோதித்தவர்கள், சார்ஜ் ஏற்றிய சில நாளிலேயே எல்லாம் படுத்துவிட்டன என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு சொல் இருந்தது. மோசடி.

"கூரியர்லயே மாத்திட்டாங்க" என்றார் லாபம் சார்.

அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். எதைச் சொன்னாலும் "இதுல யாருக்கு லாபம்?" என்று கேட்பதால் வந்த பெயர். கட்டுரையில் மூன்றாவது பெயர் அவருடையது. புதுப் பேட்டரி வந்தால் யார் யார் முட்டுக்கட்டை போடுவார்கள் என்ற பகுதியை எழுதியவர். எழுதியதிலிருந்து எங்கு பார்த்தாலும் அவருக்கு முட்டுக்கட்டைதான் தெரிகிறது.

"ஆஸ்பத்திரிகளுக்கு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுறவங்க யோசிச்சுப் பாருங்க மேடம். நம்ம பேட்டரி வந்தா அவங்க கடையை மூட வேண்டியதுதான். கூரியர் பையனுக்கு ஏதாவது கொடுத்திருப்பாங்க. நான் விசாரணைல எழுந்து சொல்லிடறேன்."

"ஆதாரம் இருக்கா சார்?"

"ஆதாரம் இல்லாததே ஆதாரம். அவ்வளவு சுத்தமா செஞ்சிருக்காங்க."

"நீங்க தயவு செஞ்சு எழுந்திருக்கவே வேண்டாம்" என்றாள் பேட்டரிக்காரி. "தாகம் எடுத்தாக்கூட உட்கார்ந்தே குடிங்க."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவளுடைய நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. நிதித்துறை ஆராய்ச்சி. கட்டுரையில் இரண்டாவது பெயர். செல் என்ன விலைக்கு வரும், எத்தனை வருஷத்தில் போட்ட முதல் திரும்பும் என்று கணக்குப் போட்டவள். இரண்டு கையிலும் அச்செடுத்த காகிதங்களை அணைத்திருந்தாள். தாள்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன.

"என்ன சார், இன்னும் டீசல்காரன் கதைதானா?"

"உனக்கு என்னம்மா தெரியும்?"

"டீசல்காரனுக்கு நம்ம பேரே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா நம்ம செல்லை மாத்தியிருக்க மாட்டான், நம்மளையே வாங்கியிருப்பான். அதுதான் அவனுக்கு மலிவு." தாள்களை மேசையில் கொட்டினாள். "அண்ணி, இங்க கிளிப் ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சு. நீ போன தடவை வந்துட்டுப் போனே."

அவள் வந்து போன அறையில் பேனாவும் கிளிப்பும் மிஞ்சியதாகச் சரித்திரம் இல்லை. பேட்டரிக்காரி சிரித்துக்கொண்டே திரையின் பக்கம் திரும்பினாள். அறையின் நீளத்துக்குச் சோதனை அடுக்கு. ஒவ்வொரு தட்டிலும் செல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏசி காற்றில் அந்த லேசான உறைகள் படபடத்து ஒயர் கழன்றுவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே கறுப்புக் காகிதக் கிளிப் போட்டிருப்பார்கள். கொடியில் காயும் துணி மாதிரி. இந்த ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். திரையில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பச்சைக் கோடு. எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக.

"பாருங்க சார். இங்க ஒண்ணுகூடச் சாகல. அதே கலவை, அதே கை, அதே நாள். அங்க மட்டும் ஏன்..."

அவள் முடிக்கவில்லை. ஒரு பச்சைக் கோடு குப்புற விழுந்தது. சோதனை அடுக்கு பீப் என்று கத்தியது.

பேட்டரிக்காரி சட்டென்று திரும்பினாள்.

"யாரு எதைத் தொட்டீங்க?"

"நான் எதையும் தொடல" என்று லாபம் சார் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"நானும்தான்" என்றாள் நாத்தனார். அவள் கையிலிருந்த அறிக்கை மட்டும் இப்போது ஒழுங்காகக் கிளிப் போட்டு நின்றது.

பேட்டரிக்காரியின் பார்வை அந்தக் கிளிப்பில் விழுந்தது. அங்கிருந்து மேல் தட்டுக்குப் போனது. ஒரு செல் மட்டும் கண்ணாடி விலகிக் கிடந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, திட்டறதுன்னா திட்டிடுங்க. இப்படிப் பாக்காதீங்க, பயமா இருக்கு."

"அதைக் கழட்டு."

"சாரி அண்ணி, ஒரே ஒரு கிளிப்தானே..."

"கழட்டி, எடுத்த எடத்துல திரும்பப் போடு."

நாத்தனார் போட்டாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விழுந்த கோடு மெல்ல எழுந்தது. தயங்கித் தயங்கி ஏறி, மற்றக் கோடுகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எடு."

எடுத்தாள். கோடு விழுந்தது.

"பக்கத்துல இருக்கிறதை எடு."

அதுவும் விழுந்தது.

பேட்டரிக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூரியர்காரனும் இல்ல, டீசல்காரனும் இல்ல. கிளிப்! அழுத்தமே வேண்டாம்னு உலகத்துக்கே சொல்லிட்டு, ஒவ்வொரு செல்லையும் நாமதான் நெருக்கிப் பிடிச்சிருக்கோம். மத்தவங்க லாரி ஜாக்கி போடறாங்க. அது பக்கத்துல கிளிப் எல்லாம் ஒரு அழுத்தமாவே என் கண்ணுல படல. காத்துல பறக்காம இருக்கத்தான்னு நினைச்சேன். அதனால கட்டுரைலயும் எழுதல. குண்டூசியைப் பத்தி யாராவது எழுதுவாங்களா?"

"அப்ப அவங்க ஆய்வகத்துல?" என்றாள் நாத்தனார்.

"அங்க புதுசா, பளபளன்னு தட்டு வாங்கியிருக்காங்கன்னு கடிதத்துலயே இருக்கு. பள்ளத்துல செல்லை வெச்சா அசையாது. கிளிப்பே தேவையில்ல. அதான் செத்துப்போச்சு."

லாபம் சார் மூச்சு விட்டார். "அப்ப முடிஞ்சுது. கிளிப்பைக் குறிப்பிட மறந்துட்டோம்னு சொல்லிடுவோம். சின்ன விடுபாடு. அந்த முதல் வரியை மட்டும் நாமளா எதுக்கு தொடணும்? கேட்டாங்கன்னா பாத்துக்கலாம்."

"கேட்பான் சார். அந்தக் கடிதத்தை எழுதி, எதிர்ப்பக்கம் உட்காரப் போறவன் என்கூடப் படிச்சவன். காபி கலக்கினாக்கூட வெப்பநிலை பார்க்கிறவன். மைக்ரோமீட்டர்னு நான்தான் பேர் வெச்சேன்." அவள் எழுந்தாள். "அவன் கேட்டு நான் சொன்னா அது ஒப்புதல் வாக்குமூலம். நானா சொன்னா கண்டுபிடிப்பு. எனக்கு ரெண்டாவதுதான் வேணும்."

"அந்த வரி போச்சுன்னா பேரே போச்சே மேடம்."

"வரி போகட்டும். மோசடிங்கிற சொல்லும் அதோட சேர்ந்து போகணும்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "உன் கணக்குல எஃகுச் சட்டமே கிடையாது இல்ல?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க."

"இப்ப வேணும்ங்கறேன். பெரிய சட்டம் இல்ல, லேசா இறுக்குற மாதிரி. விலை, எடை ரெண்டையும் சேர்த்துத் திரும்பப் போடு. சாப்பாட்டு நேரம்தான் இருக்கு."

"சாப்பாடு?"

"செத்த செல்லெல்லாம் எழுந்த பிறகு."

விசாரணை அறையில் நீள்வட்ட மேசை. குழுத் தலைவி மின் நிலையம் நடத்தி ஓய்வு பெற்றவர். இயந்திர இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், இந்தச் சின்ன அறையிலும் தணியவில்லை. எதிரே மைக்ரோமீட்டர், சட்டைக் காலரிலிருந்து பேனா மூடி வரை எல்லாம் நேர்கோட்டில். அவன் முன்னால் பஞ்சு வைத்த பெட்டி. அதற்குள் செத்த செல்கள், சாட்சிகளாக. பக்கத்தில் சிறிய சோதனைக் கருவி.

"புகாரை வாசிக்கட்டுமா?" என்றார் தலைவி.

"வேண்டாம் மேடம்" என்றாள் பேட்டரிக்காரி. "செல் செத்தது உண்மை. அது ஏன் செத்துச்சுன்னு நான் சொல்லிடறேன். எங்க கட்டுரையோட முதல் வரியும் தப்பு, அதையும் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி அவர் கொண்டுவந்த செல் ஒண்ணை அவர் கருவியிலயே மாட்டணும்."

மைக்ரோமீட்டரின் புருவம் ஏறியது. விசாரணை இப்படித் தொடங்கும் என்று அவன் எதிர்பார்த்து வரவில்லை. ஒரு செல்லை எடுத்து மாட்டினான். எண் அசையவில்லை.

அவள் கைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். செல்லை நடுவில் வைத்தாள். கிளிப்புக்காகப் பையில் கை விட்டாள். ஆய்வக மேசையில் எடுத்து வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. பையில் போட்டது ஞாபகத்தில் இல்லை. நாத்தனாரின் பக்கம் திரும்பி, அவள் மடியிலிருந்த அறிக்கையிலிருந்து கிளிப்பைப் பிடுங்கினாள். தாள்கள் தரையெங்கும் இறைந்தன.

"அண்ணி!"

கிளிப் செல்லைக் கவ்வியது. எல்லோரும் கருவியைப் பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

லாபம் சார் எழுந்திருக்கப் போனார். ஒரு பார்வையில் அவரை உட்கார வைத்தாள்.

"இன்னொண்ணு குடு."

"இதுலயும் வராது" என்றான் மைக்ரோமீட்டர். அவனை அறியாமலே ஒருமைக்கு வந்துவிட்டான். "நான் எல்லாத்தையும் மூணு தடவை பாத்துட்டேன். விட்டுடு."

"முதல்ல இருந்தது உள்ள அடுக்கு கிழிஞ்சது. ரொம்ப நாள் விலகியே கிடந்தா அப்படி ஆகும். எல்லாம் அப்படி ஆகியிருக்காது. குடு."

அவள் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். கண்ணாடி, செல், கண்ணாடி, கிளிப்.

எண் துடித்தது. ஒரு கணம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

தலைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவியை நோக்கிக் குனிந்தார். மைக்ரோமீட்டர் தன் கருவியையே சந்தேகப்பட்டு, ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினான். எண் மீண்டும் அதே இடத்துக்கு ஏறியது. அவனே இன்னொரு செல்லை எடுத்தான். இன்னொரு முறை கண்ணாடி. அவனே கிளிப் போட்டான். அதுவும் எழுந்தது.

"கிளிப்பா?" என்றான்.

"கிளிப்தான். எங்களுக்கு அது கருவியாவே தெரியல. உனக்கு அது இல்லாமலே போச்சு."

"அப்ப அழுத்தம் வேண்டாம்னு எழுதினது?" என்று கேட்டார் தலைவி.

"தப்பு மேடம். கொஞ்சம் வேணும். மத்தவங்க போடறதுல ஒரு சின்னப் பங்கு போதும்னு நினைக்கிறேன், எவ்வளவுன்னு இனிமேதான் அளக்கணும். முதல் வரியை எடுத்துட்டுத் திருத்தம் போடறோம். ஒரு அளவைக்கூட நாங்க மாத்தி எழுதல. நீங்க எந்தச் செல்லை வேணாலும் எடுத்துப் பார்க்கலாம்."

"விலை?"

தரையில் மண்டியிட்டுத் தாள் பொறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் தலையை நீட்டினாள். "பேட்டரில ஓடற பஸ்ஸுக்கு ஒத்து வராது மேடம். சட்டத்தோட எடையை வண்டி சுமக்கணும், கணக்கு உதைக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒத்து வருது. கீழ்த்தளத்துல இருக்கிற பேட்டரியை யாரும் தூக்கிக்கிட்டு ஓடப் போறதில்ல. அதுல இன்னும் டீசலைவிட நாமதான் மலிவு. முன்னாடி சொன்ன அளவுக்கு இல்ல, ஆனா மலிவு."

லாபம் சாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். "இதுல யாருக்கு லாபம்னு கேட்டீங்கன்னா, முதல்ல கிளிப் விக்கிறவனுக்கு."

தலைவி சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மின் நிலையத்துக்கே கேட்டிருக்கும். பிறகு புகார்க் கடிதத்தை எடுத்தார். கடைசி வரியில் இருந்த சொல்லின் மீது பேனாவால் குறுக்கே கோடு இழுத்தார். அதை மைக்ரோமீட்டரிடம் நகர்த்தினார்.

"நீங்க எழுதினது. அடிச்சதுக்கு நீங்களே கையெழுத்துப் போடணும்."

அவன் ஒரு நிமிஷம் அந்தக் கோட்டைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். வழக்கம் போல, கோட்டுக்கு நேராக.

வெளியே தாழ்வாரத்தில் அவன் அவளைப் பிடித்தான். "திருத்தத்துல அழுத்தம் எவ்வளவுன்னு போடணுமே. ஒரு கிளிப் எவ்வளவு நெருக்குது?"

"தெரியாது."

"தெரியாதா? இத்தனை நாளா போட்டிருக்கே."

"உன்னைவிட நல்லா அளக்கிறவன் எனக்கு யாரைத் தெரியும்?" அவள் பையிலிருந்து ஒரு கறுப்புக் கிளிப்பை எடுத்தாள். அடியில் எங்கோ மாட்டிக் கிடந்த, சற்று முன் தேடிய அதே கிளிப். அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "நீயே அளந்து சொல்லு. கட்டுரைல நாலாவது பேர் போடறேன்."

அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குள்ளாகவே அவன் கண் அளக்க ஆரம்பித்திருந்தது.

"ஒண்ணு போதாது" என்றான். "ஒரு பெட்டி வேணும்."

"என் நாத்தனாரைக் கேளு" என்றாள் பேட்டரிக்காரி. "இந்தப் பல்கலைக்கழகத்துக் கிளிப் பூராவும் அவகிட்டதான் இருக்கு."